ஜிபியு-இசட்: கார்டின் ஜாதகம் சரி, என் புரோகிராம் ஓடுமா?

போன வாரமும் ஒரு படம் வந்தது. மானிட்டரைப் போனில் எடுத்த படம். குறுக்கே வரி வரியாகக் கோடு, மூலையில் டியூப்லைட் வெளிச்சம், நடுவில், கிராபிக்ஸ் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட்டின் அந்தக் குட்டி ஜன்னல். கீழே ஒரு வரி: "தம்பி, இதுல உங்க சாப்ட்வேர் ஓடுமுங்களா?" அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அது தெரிந்தும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் "முதலில் ஜிபியு-இசட் போட்டுப் படம் அனுப்புங்கண்ணா" என்று சொல்பவன் நான்தான். ஏன் சொல்கிறேன், எந்த இடத்தில் அதை நம்புவதை நிறுத்திவிடுகிறேன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

நான் எழுதி விற்பது ஒரு சின்ன விண்டோஸ் புரோகிராம். மாடுலர் கிச்சன் போடும் மரவேலைக்காரர்களும் இன்டீரியர் கடைக்காரர்களும் வாங்குகிறார்கள். சமையலறை அளவைக் கொடுத்தால் அலமாரி, ஷட்டர், டிராயர் எல்லாம் முப்பரிமாணத்தில் வந்து நிற்கும், லேமினேட்டை மாற்றி மாற்றி வீட்டுக்காரம்மாவிடம் காட்டலாம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம்தான் அதிகம் போகிறது. இவர்கள் கடையில் என்ன கம்ப்யூட்டர் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவரிடம் மகன் கேம் விளையாட வாங்கிய புத்தம்புது மெஷின், அடுத்தவரிடம் ஏதோ ஆபீஸ் ஏலத்தில் தள்ளிவிட்ட 2011 மாடல் டெஸ்க்டாப், அதற்குள் ஒரு கைப்பிடி மரத்தூள். "மெதுவா ஓடுது" என்று போன் வந்தால் குற்றவாளி நான் எழுதிய புரோகிராம் கோடா, அவர் கார்டா, கார்டை இயக்கும் டிரைவரா என்று இங்கிருந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, ஜிபியு-இசட். டெக்பவர்அப் தளத்துக்காரர்கள் 2007இலிருந்து கொடுத்துவருவது, இலவசம். பெயரைப் பார்த்துவிட்டு சிபியு-இசட் செய்தவர்களுடையது என்று நினைக்க வேண்டாம், அது வேறு வீடு. அளவு சின்னதுதான், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும், பென்டிரைவில் போட்டு எடுத்துப்போகலாம். திறந்ததும் ஒரே பக்கத்தில் எல்லாம் இருக்கும்: கார்டின் பெயர், உள்ளே இருக்கும் சில்லின் பெயர், எத்தனை நானோமீட்டர், நினைவகம் எவ்வளவு, எந்த வகை, பஸ் அகலம், டிரைவர் பதிப்பும் தேதியும். அடியில் வல்கன், ஓப்பன்சிஎல், ரே டிரேசிங் என்று, கார்டுக்கு எதெல்லாம் தெரியும் எனக் காட்டும் டிக் பெட்டிகள். மேலே இருக்கும் லுக்அப் பொத்தானை அழுத்தினால் அவர்கள் தளத்தில் அந்தக் கார்டின் பக்கம் திறக்கும். அது எந்த வருடத்துக் கார்டு, எந்தக் கார்டுக்கு அண்ணன், எதற்குத் தம்பி என்று அங்கே தெரிந்துவிடும். எனக்கு இந்த ஒரு பொத்தான் போதும், கார்டு எண்களை வைத்து வயதைக் கண்டுபிடிக்கும் வித்தை இத்தனை வருடத்திலும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பக்கத்தில் நான் முதலில் பார்ப்பது மூன்று. ஒன்று, கீழே இருக்கும் தேர்வுப்பட்டி. லேப்டாப்பாக இருந்தால் அங்கே இரண்டு பெயர் இருக்கும், ஒன்று இன்டெல், இன்னொன்று என்விடியாவோ ஏஎம்டியோ. வாடிக்கையாளர் அனுப்பும் படத்தில் எப்போதும் ஒன்றுதான் இருக்கும், இன்னொன்றையும் தேர்ந்தெடுத்துப் படம் எடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு, டிரைவர் தேதி. அது ஆறேழு வருடப் பழசு என்றால் மேற்கொண்டு எதையும் பார்ப்பதில்லை, "டிரைவரைப் புதுசு பண்ணிட்டுக் கூப்பிடுங்கண்ணா" என்று வைத்துவிடுகிறேன், பாதிப் பேர் திரும்பக் கூப்பிடுவதில்லை. மூன்று, பஸ் இன்டர்பேஸ், அதாவது கார்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பாதை. அங்கே 3.0 என்று எழுதி அதற்குப் பக்கத்தில் 1.1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிக்க வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தினால் ஒரு சின்னக் காட்சியை வரைந்து கார்டை எழுப்பிவிடும், அப்போது உண்மையான வேகம் தெரியும். இந்தக் கேள்விக்குறி அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது.

அட்வான்ஸ்ட் என்ற தாவல்தான் எங்களைப் போன்றவர்களுக்கானது. டைரக்ட்எக்ஸ் என்பது புரோகிராம் கார்டிடம் பேசும் மைக்ரோசாஃப்டின் மொழி, அதில் 12 என்று தேர்ந்தெடுத்தால் ஃபீச்சர் லெவல் (கார்டின் திறமைப் படி), ஷேடர் மாடல் என்று வரிசையாக வரும். அதே மாதிரி இன்னொரு மொழியான வல்கனைத் தேர்ந்தெடுத்தால் எல்லைகள், நீட்சிகள் (கூடுதல் வசதிகள்) என்று பட்டியல் நீளும். புரோகிராம் எழுதாதவர் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. சென்சார் தாவலில் வெப்பம், கார்டின் மேல் உள்ள சுமை, பயன்பாட்டில் உள்ள நினைவகம் எல்லாம் நொடிக்கு நொடி ஓடும், அதைக் கோப்பாகவும் எழுதி வைக்கச் சொல்லலாம். இந்தச் சுமை அளவீடு எனக்கு நிறைய உதவியிருக்கிறது. என் புரோகிராமில் அலமாரியைச் சுழற்றும்போது கார்டின் சுமை பூஜ்யத்திலேயே நின்றால் கார்டு வேலையே செய்யவில்லை, எல்லாவற்றையும் சிபியுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் போலிக் கார்டு விஷயம். 2018இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து, பழைய என்விடியா சில்லை எடுத்து, கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான பயாஸை மாற்றி எழுதிப் புதுக் கார்டு என்று விற்பதை ஜிபியு-இசட் கண்டுபிடிக்கிறது, பெயருக்கு முன்னால் போலி என்ற ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் இணையத்தில் யாரிடமோ ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று வாங்கினார், விலை பாதிதான். விண்டோஸும் 1050 டிஐ என்றே காட்டியது, என் புரோகிராமும் பெயரைக் கேட்டு 1050 டிஐ என்றே எழுதி வைத்தது. ஆனால் படம் திறந்தால் மெஷின் உறைந்துவிடும். ஜிபியு-இசட் போடச் சொன்னேன், உள்ளே இருப்பது ஜிஎஃப் 116, ஃபெர்மி என்ற பழைய தலைமுறைச் சில்லு என்று சொல்லிவிட்டது. விற்றவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை, பணமும் திரும்பி வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து கார்டின் பெயரை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று என் கோடிலிருந்த பெயர்ப் பட்டியலையே தூக்கிவிட்டேன். (அந்தப் பட்டியலை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. அதுவும் போனது.)

இனி குறை. ஜிபியு-இசட் வன்பொருளிடம் நேராகப் பேச வேண்டியிருப்பதால் நிர்வாகி அனுமதி கேட்கும். கடை மெஷினில் அந்தக் கடவுச்சொல் மச்சானிடம் இருக்கும், மச்சான் சென்னையில் இருப்பார். விண்டோஸுக்கு மட்டும்தான் இருக்கிறது, லினக்ஸ், மேக் ஆட்களுக்கு உதவாது. இதெல்லாம் சின்னக் குறைகள். பெரியது ஒன்று உண்டு, அதைக் குறை என்று சொல்வதுகூட நியாயமில்லை, ஏனென்றால் அது அந்தக் கருவியின் வேலையே இல்லை. ஜிபியு-இசட் சொல்வது கார்டின் ஜாதகம். என் புரோகிராம் அந்த மெஷினில் போய் நிற்கும்போது அதற்கு என்ன கிடைக்கும் என்பது வேறு. ஜாதகத்தில் ராஜயோகம் இருக்கும், வீட்டில் கஞ்சிதான் காய்ச்சுவார்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இன்டெல் எச்டி 3000. 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் சிபியுக்களில் இருப்பது, ஏலத்தில் வந்த டெஸ்க்டாப்களில் இதன் தம்பி எச்டி 2000தான் அதிகம். டைரக்ட்எக்ஸ் ஃபீச்சர் லெவல் 10.1, கார்டிடம் பேசும் இன்னொரு மொழியான ஓப்பன்ஜிஎல் 3.1. விண்டோஸ் 10க்கென்று இதற்கு இன்டெல் டிரைவர் விடவில்லை, பழைய டிரைவரே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு புரோகிராம் தன்னைப் பற்றிய குறிப்பான மேனிஃபெஸ்ட்டில் "எனக்கு விண்டோஸ் 10 தெரியும்" என்று எழுதி வைத்திருந்தால் ஓப்பன்ஜிஎல் பக்கம் அந்த டிரைவர் கையை விரித்துவிடும், மைக்ரோசாஃப்டின் பழைய 1.1 மட்டும் மிஞ்சும். எழுதி வைக்காவிட்டால் 3.1 கிடைக்கும்! மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஜாவா 8இன் 51ஆம் அப்டேட் வரை ஓடிய கேம், 60க்குப் போனதும் பிக்சல் ஃபார்மட் ஆக்சலரேட் ஆகவில்லை என்று பிழை காட்டி நின்றது, காரணம் அந்த மேனிஃபெஸ்ட் வரிதான். ஒரே மெஷின், ஒரே கார்டு, ஒரே டிரைவர், இரண்டு புரோகிராமுக்கு இரண்டு பதில். இதை வெளியிலிருந்து பார்க்கும் எந்தக் கருவி சொல்லும்?

விண்டோஸோடு வரும் டிஎக்ஸ்டயாக்கும் இதே சாதிதான், ஆனால் அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. எதையும் இறக்க வேண்டாம், ரன் பெட்டியில் பெயரைத் தட்டினால் போதும், எல்லாத் தகவலையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிக்கும் பொத்தானும் இருக்கிறது. மச்சானைத் தேட வேண்டியதில்லை. ஆனால் முதல் பக்கத்தில் "டைரக்ட்எக்ஸ் பதிப்பு: 12" என்று காட்டுவதைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. அது விண்டோஸில் இருக்கும் டைரக்ட்எக்ஸ், கார்டினுடையது இல்லை. டிஸ்ப்ளே தாவலுக்குப் போய் ஃபீச்சர் லெவல்ஸ் என்ற வரியைப் படிக்க வேண்டும். ஜிடி 710 கார்டைப் பாருங்கள், நம் ஊர்க் கடைகளில் ரொம்ப நாளாக விற்பது, அட்டைப் பெட்டியில் 12 என்று அச்சடித்திருப்பார்கள், ஃபீச்சர் லெவல் 11.0தான். பொய் இல்லை, டைரக்ட்எக்ஸ் 12 புரோகிராமை அதில் திறக்கலாம், ஆனால் லெவல் 12 கேட்கும் வேலைகளைச் செய்யாது. பெட்டியில் இருப்பது பேசும் மொழி, லெவல் என்பது அந்த மொழியில் எவ்வளவு தெரியும் என்பது.

இந்த லெவல் கணக்கு வருவதற்கு முன் இன்னும் மோசம். டைரக்ட்எக்ஸின் முப்பரிமாணப் பகுதியான டைரக்ட்3டியின் 9 காலத்தில் ஒரு பெரிய கட்டமைப்பைக் கேட்டு வாங்கி, இது உண்டா, அது உண்டா என்று கொடி கொடியாகச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு கலவை. 10இல் அதைத் தூக்கிவிட்டு எல்லோரும் எல்லாமும் செய்தாக வேண்டும் என்றார்கள். 2009இல் விண்டோஸ் 7உடன் வந்த 11தான் இந்தப் படிக்கட்டு முறையைக் கொண்டுவந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. 12இல் படிக்கட்டும் இருக்கிறது, பக்கத்திலேயே தனித்தனியாகக் கேட்டுச் சோதிக்கும் கொடிகளும் திரும்ப வந்துவிட்டன. போகட்டும்.

இப்போது என் சொந்த அவமானக் கதை. என் புரோகிராம், விண்டோஸ் ஜன்னல்களை வரைய மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் டபிள்யூபிஎஃப்பில் எழுதியது. அதில் ரெண்டர்கேப்பபிலிட்டி என்று ஒரு வகுப்பு, டியர் என்று ஒரு பண்பு. அதை எடுத்து 16 பிட் வலப்பக்கம் தள்ளினால் 0, 1 அல்லது 2 கிடைக்கும். 0 என்றால் எல்லாம் சிபியு வரைகிறது, 1 என்றால் கார்டு பாதி, 2 என்றால் பெரும்பாலும் கார்டு. ஈரோட்டிலிருந்து ஒருவர், வயதில் பெரியவர், "அலமாரி நகரவே மாட்டேங்குதுங்க தம்பி" என்றார். நேரில் போகச் சோம்பல். அவர் மெஷினில் விண்டோஸ் புரோ இருந்ததால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போனேன், டியரைப் பார்த்தேன், 0. "அண்ணா, உங்க மெஷின்ல கிராபிக்ஸ் வேலையே செய்யல, ஒரு கார்டு போட்டுருங்க" என்று டாக்டர் தோரணையில் சொன்னேன். அவரும் நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கார்டு வாங்கிப் போட்டார். மறுபடி ரிமோட்டில் போய்ப் பார்த்தேன். 0.

ரிமோட் டெஸ்க்டாப்பில் போனால் டபிள்யூபிஎஃப் எப்போதும் சிபியுவில்தான் வரையும். அந்த மெஷினில் எவ்வளவு பெரிய கார்டு இருந்தாலும் அப்படித்தான். டபிள்யூபிஎஃப் ஓடும் தளமான டாட்நெட்டின் 8ஆம் பதிப்பு வந்த பிறகுதான் ரிமோட்டிலும் கார்டைப் பயன்படுத்த ஒரு சுவிட்ச் கொடுத்தார்கள், அதையும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அதாவது அவர் மெஷினுக்கு ஒன்றுமே இல்லை, பார்க்கப் போன நான்தான் அதன் டியரை 0 ஆக்கியிருக்கிறேன். அவரையே நேராகத் திறந்து பார்க்கச் சொன்னேன்: 2. பழைய இன்டெல்லிலும் 2 தான் இருந்திருக்கும். பிறகு உண்மையான காரணம் என்னவென்று தேடினால் அது என் கோடில் இருந்தது. பக்கவாட்டில் இருக்கும் ஷட்டர் மாதிரிகளின் சிறு படங்கள் நாற்பதையும், அலமாரி அசையும் ஒவ்வொரு முறையும் காட்சியைப் படமாக்கித் தரும் ரெண்டர்டார்கெட்பிட்மேப்பில் புதிதாக வரைந்துகொண்டிருந்தேன். அது எந்த மெஷினிலும் சிபியுவில்தான் ஓடும், மைக்ரோசாஃப்டின் ஆவணத்திலேயே பட்டியல் போட்டு எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. ஐந்து வரி மாற்றினேன், சரியாகிவிட்டது. நாலாயிரம் ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்றேன், அவர் வாங்கவில்லை. "பையன் கேம் விளையாடறான், உடுங்க" என்றார்.

அன்று மட்டும் ஜிபியு-இசட்டின் சென்சார் தாவலை அவர் கண்ணெதிரே திறக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. ஆக, கருவியின் மேல் தப்பில்லை.

டியர் எண்ணைப் பற்றி இன்னொன்று. 2 வாங்குவதற்கு டைரக்ட்எக்ஸ் 9, பிக்சல் ஷேடர் 2.0, 120 எம்பி வீடியோ நினைவகம், இவ்வளவுதான் முக்கியமான நிபந்தனை. டபிள்யூபிஎஃப் 2006இல் வந்தபோது இது பெரிய விஷயமாக இருந்திருக்கலாம். இன்று சாதா ஆபீஸ் மெஷினே 2 காட்டும், ஆகவே 2 என்பதைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. 0 வந்தால் மட்டும் அது செய்தி. அதே வகுப்பில் கார்டு தாங்கும் அதிகபட்ச டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) அளவைச் சொல்லும் பண்பும் இருக்கிறது, எனக்கு டியரைவிட அதுதான் பயன்படுகிறது. லேமினேட் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் ஸ்கேன் படங்கள் பத்தாயிரம் பிக்சல் அகலத்தில் வரும், அந்த அளவைத் தாண்டினால் டபிள்யூபிஎஃப் சத்தமில்லாமல் சிபியுவுக்கு மாறிவிடும். முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு படத்தைச் சுருக்கிவிட்டால் தலைவலி இல்லை.

நினைவகம் எவ்வளவு என்று கேட்பதில் ஒரு பள்ளம் உண்டு, எல்லோரும் ஒரு முறை விழுவார்கள். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வழி, விண்டோஸிடம் மெஷின் விவரம் கேட்கும் டபிள்யூஎம்ஐ, அதில் வீடியோ கன்ட்ரோலர் என்ற வகுப்பின் அடாப்டர்ரேம். அது 32 பிட் எண், 4 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர் "உங்க சாப்ட்வேர் பாதிதான் காட்டுது, கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று பதறுவார். டைரக்ட்எக்ஸோடு சேர்ந்த டிஎக்ஸ்ஜிஐ வழியாகக் கேட்டால் சரியாக வரும், உங்கள் புரோகிராம் 64 பிட்டாக இருந்தால். 32 பிட்டாகத் தொகுத்திருந்தால் அங்கேயும் இடம் போதாது. தனிக் கார்டு இல்லாத இன்டெல் மெஷின்களில் தனி நினைவகம் 128 எம்பி என்று பரிதாபமாகக் காட்டும், அதைப் பார்த்து "உங்கள் மெஷின் போதாது" என்று பெட்டி போட்டுவிடாதீர்கள், அது கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10இலிருந்து இந்த நொடியில் உங்கள் புரோகிராமுக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று கேட்கவும் வழி இருக்கிறது, உண்மையில் நமக்கு வேண்டியது அந்த எண்தான்.

தயாரிப்பாளர் எண்ணைப் பார்ப்பதும் நல்ல பழக்கம். ஏஎம்டி 1002, இன்டெல்லுக்கு 8086, தங்கள் பழைய சில்லின் எண்ணையே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1414 என்று வந்தால் அது மைக்ரோசாஃப்ட், அதாவது கார்டே இல்லை, சிபியு கார்டு வேஷம் போட்டு நிற்கிறது. டிரைவர் போடாத மெஷின்களில் இது அடிக்கடி வரும். இரண்டு ஜிபியு உள்ள லேப்டாப்பில் எது கிடைக்கும் என்பதும் உங்கள் கையில் ஓரளவு இருக்கிறது. சி++ ஆட்கள் எக்ஸ்இ கோப்பிலிருந்து என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் தனித்தனியாக ஒரு மாறியை ஏற்றுமதி செய்தால் பெரிய கார்டைக் கொடுப்பார்கள். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து செட்டிங்ஸிலேயே ஒவ்வொரு புரோகிராமுக்கும் எது என்று தேர்ந்தெடுக்கலாம், நான் வாடிக்கையாளரிடம் அதைத்தான் சொல்கிறேன்.

ஓப்பன்ஜிஎல்லில் எழுதுகிறவர்களுக்கு ஜிபியு-இசட்டைவிட கீக்ஸ்3டி தளத்தின் ஜிபியு கேப்ஸ் வியூவர் ஒத்துவரும். அது தானே ஒரு கான்டெக்ஸ்டை (வரைவதற்கான சூழலை) உருவாக்கி, டிரைவர் என்ன பதில் சொன்னதோ அதை அப்படியே காட்டுகிறது, நீட்சிகளின் முழுப் பட்டியலோடு. ஜாதகம் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல், பெண்ணை நேரில் பார்த்துவிட்டு வந்த மாதிரி. அங்கே ரெண்டரர் என்ற இடத்தில் ஜிடிஐ ஜெனரிக் என்று வந்தால் டிரைவர் இல்லை, 1.1இல் மாட்டிக்கொண்டீர்கள். லினக்ஸில் அதே வேலைக்கு ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ, அங்கே வரக் கூடாத பெயர் எல்எல்விஎம்பைப், வந்தால் சிபியுதான் வரைகிறது. ஜிபியு கேப்ஸ் வியூவரின் முகப்பு கொஞ்சம் பழைய மாதிரி இருக்கும், கண்ணுக்கு அழகு தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள்.

அந்த நீட்சிப் பட்டியல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குவேக் 3 எஞ்சினில் செய்த பழைய கேம்கள் அந்தப் பட்டியலை ஒரு குறிப்பிட்ட அளவு இடத்துக்குள் நகல் எடுத்துக்கொள்ளும். காலப்போக்கில் கார்டுகளின் திறமை கூடி, பட்டியல் நீண்டு, இடம் வழிந்து கேம் விழுந்துவிட்டது. கார்டு நல்லதாக இருப்பதே குற்றமாகிப்போனது! இதற்காகவே லினக்ஸின் மேசா டிரைவரில் "இந்த வருடம் வரை வந்த நீட்சிகளை மட்டும் சொல்" என்று ஒரு சூழல் மாறி வைத்திருக்கிறார்கள். திறமையைக் கேட்கத் தெரியாமல் கேட்டால் பதிலே ஆளைச் சாய்த்துவிடும்.

வல்கன் பக்கம் சாஷா வில்லெம்ஸின் ஹார்டுவேர் கேப்பபிலிட்டி வியூவர் இருக்கிறது, திறந்த மூலம். உங்கள் கார்டின் அறிக்கையைப் பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்பலாம், மற்றவர்கள் அனுப்பியதைப் பார்க்கலாம். எந்த நீட்சி எத்தனை சதவீத அறிக்கைகளில் இருக்கிறது என்று கோடு எழுதுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: அங்கே அறிக்கை அனுப்புகிறவர் யார்? என்னைப் போல் கோடு எழுதுகிறவர், கார்டு பைத்தியம் பிடித்தவர். பல்லடத்தில் பிளைவுட் அறுப்பவர் அனுப்பியிருக்க மாட்டார். கேம் விற்கும் ஸ்டீம் தளம் மாதாமாதம் வெளியிடும் கணக்கும் அப்படித்தான், அது கேம் விளையாடுகிறவர்களின் கணக்கு.

எதையும் இறக்கவே முடியாது என்கிறவரிடம் குரோமைத் திறந்து முகவரி இடத்தில் குரோம் என்று போட்டு, இரண்டு புள்ளி, இரண்டு சாய்கோடு, ஜிபியு என்று தட்டச் சொல்கிறேன். எந்தெந்த வேலைக்குக் கார்டு, எதற்கு சிபியு, எந்த டிரைவர் கோளாறுக்காகக் குரோம் எதை அணைத்து வைத்திருக்கிறது என்று வரும். டிரைவர் "முடியும்" என்று சொன்னாலும் நம்பாமல் தனிப் பட்டியல் வைத்துத் தடுக்கும் அளவுக்கு அவர்கள் அடிபட்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்தைப் படித்தாலே தெரியும்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஜிபியு-இசட்டுக்கு 5க்கு 4, அந்த ஒன்று நிர்வாகி அனுமதிக்காகக் குறைத்தது. டிஎக்ஸ்டயாக் 3, அந்த முதல் பக்கத்து 12க்காக. ஜிபியு கேப்ஸ் வியூவர் ஓப்பன்ஜிஎல் ஆட்களுக்கு 4, மற்றவர்களுக்குத் தேவையில்லை. டெக்பவர்அப் தளத்திலிருந்தே இறக்குங்கள், தேடினால் வரும் கண்ட கண்ட பக்கங்களிலிருந்து வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு நான் செய்தது, என் புரோகிராமின் உதவி மெனுவில் ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் டியர் எண், டெக்ஸ்சர் அளவு, தயாரிப்பாளர் எண், டிரைவர் தேதி, ரிமோட்டில் இருக்கிறோமா இல்லையா, எல்லாவற்றையும் என் புரோகிராமுக்குள்ளிருந்தே கேட்டு டெஸ்க்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எழுதிவிடும். பெரிய சாதனை செய்த மாதிரி இருந்தது. போன வாரம் படம் அனுப்பினவரிடமே முதலில் சொன்னேன், "அண்ணா, ஜிபியு-இசட் வேண்டாம், அந்தப் பொத்தானை அழுத்துங்க, டெஸ்க்டாப்புல ஒரு ஃபைல் வரும், அதை அப்படியே அனுப்பிருங்க." சரிங்க என்றார். பத்து நிமிடத்தில் வாட்ஸப்பில் வந்தது. கோப்பை நோட்பேடில் திறந்து, மானிட்டரைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வரி வரியாகக் கோடு, மூலையில் டியூப்லைட்.